சங்கச் சந்தாவும் வக்கீல் செலவும்

"அண்ணாச்சி, சந்தா கட்டுனா கேசுக்கு வக்கீலு வச்சுக் குடுப்பீகளா?"

உறுப்பினர் சேர்க்க ஊருக்குள் வருகிறவர்களிடம் சம்சாரிகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பணம் கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் "எல்லாம் பாத்துக்கிடுவோம்" என்று மழுப்பிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த மழுப்பலை நம்பிச் சேர்ந்தவர் நாளைக்கு வரப்புத் தகராறில் மாட்டிக்கொண்டு சங்க ஆபீஸ் வாசலில் நிற்கிறார். உதவி கிடைக்காமல் மனம் வெறுத்து விலகுகிறார். அதனால் பதிலை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்த வழக்குக்கு நம் ராஜபாளையம் பக்கத்து விவசாய சங்கங்கள் வக்கீல் பீஸ் கட்டுவதில்லை. உங்களுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் மேலத்தெருக்காரருக்கும் சேர்ந்து வரும் கஷ்டத்தில் சங்கத்தைப் போன்ற துணை வேறு கிடையாது. எந்தக் கஷ்டம் எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்துகொண்டால் சந்தா வீண்போகாது.

இங்கிலாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே 1908-ல் தொடங்கிய தேசிய விவசாயிகள் சங்கத்தில் நிலத்தின் பரப்பைப் பொறுத்துச் சந்தா கட்ட வேண்டும். அதற்கு மேல் தனியாக ஒரு தொகை கட்டினால், நிலம், குத்தகை போன்ற வழக்குகளில் வக்கீல் செலவுக்குச் சங்கம் கைகொடுக்கும் சட்ட உதவித் திட்டமும் உண்டு. அந்தத் தொகை கட்டுபடியாகுமா என்று அங்குள்ள பண்ணைக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே ஆண்டுச் சந்தா பெரும்பாலும் ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். உண்மையான செலவு சந்தா ரசீதில் இருக்காது. விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வரும் நாள்கள், அன்றைக்குப் பாய்ச்சாமல் விட்ட தண்ணீர், மாநாட்டு நிதி, வேன் வாடகை, சில சமயம் பேரில் விழும் போலீஸ் வழக்கு, இவைதான் செலவு. இவற்றுக்கு எதிரே வரவு என்ன என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'சங்கம்' என்ற ஒரே பேரில் நான்கைந்து விஷயங்கள் ஊரில் நடமாடுகின்றன. பயிர்க்கடன் வாங்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நீங்கள் கட்டுவது பங்குத் தொகை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கட்டுவதும் பங்குதான். அது வியாபாரக் கம்பெனி. கண்மாய்ப் பாசனத்துக்கு உள்ள நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்தல் வைத்து அமைவது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை அரசு கொடுப்பது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கும் எந்தச் சங்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. "எங்க சங்கத்துல சேந்தாத்தான் அட்டை கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். இந்த அத்தியாயம் பேசுவது கோரிக்கைக்காகவும் போராட்டத்துக்காகவும் அமைந்த விவசாய சங்கங்களைப் பற்றி மட்டுமே.

நெடுஞ்சாலைக்கு நிலம் போகும்போது

சங்கத்தின் அருமை தெரிய வேண்டுமானால் நிலமெடுப்பைப் பார்க்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலையில் திருமங்கலம் - ராஜபாளையம் பகுதியில் நஞ்சையும் தோப்பும் கைமாறியதை இந்த வட்டாரமே பார்த்தது. ராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரையிலான பகுதியில், பாதை நல்ல விளைநிலத்தின் ஊடே போகிறது, மாற்றுங்கள் என்று விவசாயிகள் எழுப்பிய குரலும் தெரிந்ததே.

இந்த நிலமெடுப்பு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நடக்கிறது. 3ஏ பிரிவில் அறிவிப்பு வந்ததிலிருந்து 21 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பின் சாரம் இரண்டு பத்திரிகைகளில் வரும். ஒன்று தமிழில் இருக்கும். பொடி எழுத்தில், சர்வே எண்ணும் உட்பிரிவும் ஹெக்டேர்க் கணக்குமாகப் பக்கம் முழுக்க நிறைந்திருக்கும். காலையில் தண்ணீர் கட்டப் போகிற சம்சாரி அந்தப் பக்கத்தைப் படித்துத் தன் உட்பிரிவைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஊருக்கு ஒருவர் அதைப் பார்த்து, யார் யார் நிலம் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி, கெடுவுக்குள் ஒப்புகை ரசீதோடு கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சங்கம் இருக்கிற ஊரில் இது நடக்கிறது. இல்லாத ஊரில், கல் நடும்போதுதான் தெரிகிறது. அதற்குள் 3டி பிரிவு அறிவிப்பும் வந்து நிலம் மத்திய அரசின் பேருக்கு மாறியிருக்கும்.

அடுத்து விலை. 2015 ஜனவரி 1 முதல் நெடுஞ்சாலை நிலமெடுப்புக்கும் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகளே பொருந்தும். வழிகாட்டி மதிப்பு ஒரு கணக்கு. அக்கம்பக்கத்தில் அதேபோன்ற நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடிய மேல்பாதியின் சராசரி இன்னொரு கணக்கு. எது கூடுதலோ அதை எடுக்க வேண்டும். அதற்கு மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை. தென்னை, மா, கிணறு, மோட்டார் ரூம், பூமிக்குள் பதித்த குழாய் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பு.

இதில் சம்சாரி தோற்பது கிரயப் பத்திரத்தில்தான். கூடுதல் விலைக்குப் பதிவான பத்திரங்களைத் தேடிப் பிடித்துச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். ஒருவர் தனியாக அலைந்தால் செலவும் நாளும் அவர் தலையில்தான். ஒரு கிராமத்தில் முப்பது பட்டாதாரர் நிலம் போகிறதென்றால், அதே நகல்கள் முப்பது பேருக்கும் உதவும். மரங்களை எண்ணிப் போட்டோ எடுப்பதும், அளவையரை வைத்துக் கிணற்றை அளப்பதும், வக்கீலிடம் ஒரே சாயலில் மனு எழுதி வாங்குவதும் அப்படித்தான். முப்பது பேர் பங்கு போட்டால் தலைக்கு விழும் தொகை சிறிதாகிவிடும். நம் பக்கத்தில் 'சட்டப் பாதுகாப்பு' என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தக் கூட்டுச் செலவுதான். சந்தாவுக்குள் அது வராது. அந்தந்த வழக்குக்குத் தனியாகப் பங்கு போட வேண்டும். அந்தப் பங்கைத் தயங்காமல் போடுங்கள், ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

கொடுத்த தொகை போதாதென்றால் 3ஜி(5) பிரிவின்படி நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் வழக்கமாக மாவட்ட ஆட்சியர்தான் நடுவர். அவர் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றம். அதற்குக் கெடு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் மேற்கொண்டு முப்பது நாள். அதைத் தாண்டினால் எந்தக் காரணமும் எடுபடாது. இதையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நிலங்கள் சம்பந்தப்பட்ட ஹக்கீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது: நடுவர் தீர்ப்பை மாவட்ட நீதிமன்றம் ரத்து செய்யலாம், தொகையைக் கூட்டித் திருத்த முடியாது. 2025-ல் அரசியல் சாசன அமர்வு, குறுகிய சில சந்தர்ப்பங்களில் திருத்தலாம் என்று கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. ஆகவே கைவசம் உள்ள பத்திரம், போட்டோ, மகசூல் கணக்கு அத்தனையையும் நடுவர் முன்பாகவே வைத்துவிட வேண்டும். "கோர்ட்டுக்குப் போயி பாத்துக்கிடலாம்" என்று அங்கே வெறுங்கையோடு நிற்பவர்கள் பிறகு மீள்வது கடினம். இந்த விவரத்தை நேரத்தில் சொல்லும் ஓர் ஆள் சங்கத்தில் இருந்தால், ஆயுள் முழுக்கக் கட்டிய சந்தா அந்த ஒரு நாளில் திரும்பி வந்துவிடும்.

கரும்புப் பணம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரக் கரும்பு வாசுதேவநல்லூர் சர்க்கரை ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டு உத்தரவு வந்து, ஆள் பிடித்து வெட்டி, லாரி ஏற்றி அனுப்பியவர்களுக்கு 2018-19 பருவத்துப் பணம் நிலுவையாக நின்றது. மனு, முற்றுகை, பேச்சுவார்த்தை என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இதற்கிடையே ஆலை நிறுவனத்தின் மேல் திவால் நடவடிக்கையும் வந்தது.

1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை இதில் மிகத் தெளிவு. கரும்பு கொடுத்த 14 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அந்த நிலுவையை நிலவரி பாக்கியைப் போலவே வருவாய்த் துறை மூலம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. கிடைக்காத வட்டிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். தனி ஆளாகக் கேட்டால் அசலே கிடைப்பது பெரும்பாடு. ஆலைக்காரர் முன்னால் ஒரு சம்சாரியின் டன் கணக்கு ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கானவர்களின் எடைச் சீட்டையும் பாக்கித் தொகையையும் ஒரே பட்டியலாக்கிக் கலெக்டர் மேஜையில் வைத்து, "வருவாய் வசூல் நடவடிக்கை எடுங்க" என்று மாதாமாதம் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நிற்க ஒரு அமைப்பு வேண்டும்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் கதை மாறுகிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, கரும்பு கொடுத்தவர் 'செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்'. பத்திரிகையில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, அதில் சொன்ன கெடுவுக்குள் 'பி' படிவத்தில் உரிமை கோர வேண்டும். ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகள் வரிசையில் முன்னால் நிற்கும், கரும்புக்காரர் பின்னால்தான். இது எனக்கு இன்றும் வயிறெரியும் அநியாயமாகவே படுகிறது. ஆனால் படிவமே கொடுக்காதவருக்கு அந்தக் கடைசி வரிசையில்கூட இடம் உறுதியில்லை. படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பித் தருவது வக்கீல் வேலை கிடையாது. சங்கச் செயலாளரும் கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பையனும் போதும். எடைச் சீட்டு, ஆலையோடு போட்ட பதிவு, வங்கிப் பாஸ்புக் மூன்றும் கையில் இருக்க வேண்டும். எடைச் சீட்டைப் பரணில் எறிந்துவிட்டுப் பிறகு தேடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு

செண்பகத்தோப்பு, தேவதானம், சேத்தூர், அய்யனார் கோவில் பக்கம் தென்னை, மா வைத்திருப்பவர்களுக்கு நிலத்தை ஒட்டியே காடு. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமான மலை, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. யானையும் பன்றியும் தோப்புக்குள் இறங்குவதை இரவெல்லாம் காவல் இருந்தும் தடுக்க முடியவில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம். இதில் அடிவாரத் தோப்புக்காரருக்கு லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அவர் தோப்பு முதல் கிலோமீட்டரிலேயே கிடக்கிறது. இந்த எல்லையை மாற்றச் சொல்லி ஒருவர் தனியாகக் கேட்டு ஆகப்போவதில்லை. சங்கத்துக்கான வேலை இதுதான்.

தனி ஆளாகச் செய்யும் காரியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. மோட்டார் லைனிலிருந்து நேரே கம்பி இழுத்து வேலியில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் பன்றி செத்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். யானை செத்தால் ஜாமீனே எளிதில் கிடைக்காது. மின்திருட்டு வழக்கு தனி. மனிதர் செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் வரை போகும். இந்த வழக்கில் எந்தச் சங்கமும் பக்கத்தில் நிற்காது. நிற்கவும் கூடாது என்பதே என் கருத்து. சூரிய மின்வேலி போடுவதானால் 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகள் இருக்கின்றன. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். போட்டு முடித்தபின் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்பதில் சங்கத்தால் ஒரு சின்ன நன்மை உண்டு. சேதம் நடந்த மறுநாள் காலையிலேயே வி.ஏ.ஓ.வையும் வனத்துறையையும் தோப்புக்கு வரவைக்க ஒருவர் போன் போட்டால் போதும், அந்த ஒருவர் அவர்களுக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தாமதமானால் மிதிபட்ட தடம் காய்ந்துவிடும்.

சேராதவருக்கும் கிடைக்கிறதே?

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லாமல் உறுப்பினர் சேர்க்கக் கூடாது. 1970-களில் நாராயணசாமி நாயுடு கோயம்புத்தூர்ப் பக்கம் மின்கட்டணத்துக்காக விவசாயிகளைத் திரட்டினார். யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்ட போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் உயிரைக் கொடுத்தார்கள். நாயுடு 1984 டிசம்பரில் நம் பக்கத்துக் கோவில்பட்டியில்தான் காலமானார். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. இன்று ராஜபாளையத்தில் மோட்டார் போடுகிற எவரும், அவருடைய அப்பா சங்கத்தில் இருந்தாரா என்று யாரும் கேட்காமலே அந்த மின்சாரத்தை எடுக்கிறார். சங்கம் வாங்கிக் கொடுத்த பெரிய விஷயங்கள் எல்லாருக்கும் பொது. அதை மட்டும் கணக்கில் வைத்தால் சேராமலே இருக்கலாம்.

சேர்ந்தவருக்கு மட்டும் கிடைப்பவையும் உண்டு. ஆட்சேபப் பட்டியலில் பேர், கூட்டு மனுவில் சர்வே எண், திவால் படிவத்தில் பாக்கித் தொகை, உயர் நீதிமன்ற ரிட் மனுவில் இணைப்பாகப் போகும் உறுப்பினர் பட்டியல். நீதிமன்ற உத்தரவு பல சமயம் மனுதாரர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று வரும். அப்போது பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் ரிட் மனுவின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம். 2016-ல் அரசு, சிறு குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனை மட்டும் தள்ளுபடி செய்தது. ஐந்து ஏக்கருக்கு மேல் உள்ளவர்களையும் சேர்க்கச் சொல்லி அய்யாக்கண்ணுவின் தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 ஏப்ரலில் எல்லாருக்கும் கொடு என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 நவம்பர் 23-ல், யாருக்குத் தள்ளுபடி என்பது அரசின் கொள்கை முடிவு என்று மதுரை உத்தரவையே ரத்து செய்தது. நான்கரை ஆண்டு வழக்கு. ஆறு ஏக்கர் வைத்திருக்கும் எவராலும் சொந்தக் காசில் டெல்லி வரை இதை நடத்தியிருக்க முடியாது. சங்கம் நடத்தியது, தோற்றது. அந்தத் தீர்ப்புக்கு ஒன்பது மாதம் முன்பே, 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்னால் அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பயன். கோர்ட்டில் கிடைக்காதது கோட்டையில் கிடைத்தது. சங்கத்தின் பலம் பெரும்பாலும் இந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். செண்பகவல்லி அணை உடைப்பைச் சரிசெய்யும் கோரிக்கையும், ஸ்ரீவில்லிபுத்தூர் அழகர் அணைக் கோரிக்கையும் தலைமுறை தாண்டி உயிரோடு இருப்பதும் அதனால்தான். கேட்டவர்கள் பலர் போய்விட்டார்கள். மனு இன்னும் நிற்கிறது.

சொந்த வழக்குக்கு எங்கே போவது

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். விருதுநகர் வரை போக வேண்டியதில்லை. நமக்குப் பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். இந்த வசதி வாய்த்தும் நம் ஆட்கள் அதைப் பயன்படுத்துவது குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் பெறத் தகுதி உள்ளவர்கள்: பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் மூன்று லட்ச ரூபாய்க்குள் உள்ளவர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. நிலம் அம்மா பேரிலோ மனைவி பேரிலோ இருந்தால், வழக்கு அவர் பேரில் என்பதால் அவருக்கு இலவச வக்கீல் உண்டு. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் முதலில் நம்புவதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

தகுதி இல்லாதவர்கள் செலவைக் கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ல் நீதிமன்றக் கட்டணத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். வியாபாரியிடம் பத்து லட்ச ரூபாய் வர வேண்டியிருந்தால், வழக்குப் போட முப்பதாயிரம் ரூபாய் கட்டணம். வக்கீல் பீஸ், வாய்தா நாள்கள், கமிஷனர் செலவு அதற்கு மேல். லோக் அதாலத்தில் சமாதானம் ஆனால் அந்தக் கட்டணம் திரும்பி வரும். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது, அதனால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். முளைக்காத விதை, போலி மருந்து போன்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லிவிட்டது. பில்லையும் விதைப் பையையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள். பட்டா மாற்றத்தில் தப்பு என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இரண்டையும் வக்கீல் இல்லாமலே எழுதலாம். தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் ஸ்டாம்ப். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்ற தனிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

எந்தச் சங்கம், எந்த எச்சரிக்கை

கட்சி சார்ந்த சங்கங்களும் உண்டு, சாராதவையும் உண்டு. கம்யூனிஸ்ட் கட்சிகள் சார்ந்த தமிழ்நாடு விவசாயிகள் சங்கத்துக்கு, 1936-ல் தொடங்கிய அகில இந்திய கிசான் சபாவின் பின்பலம் இருக்கிறது. கீழ்மட்டம் வரை கிளை, ஒழுங்கான கூட்டம். கட்சி சாராதவற்றில் உள்ளூர்ப் பிரச்சினையில் வேகம் அதிகம். ஆனால் பல இடங்களில் ஒரு தலைவரைச் சுற்றியே சங்கம் நிற்கும், அவர் ஓய்ந்தால் சங்கமும் ஓயும். எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: சங்கம் பதிவானதா, போன ஆண்டு வரவுசெலவைக் கூட்டத்தில் படித்தார்களா, வழக்கு நிதிக்குத் தனிக் கணக்கு உண்டா. மூன்றாவதுக்கு "உண்டு" என்று நோட்டை எடுத்துக் காட்டுகிறவர்களிடம் தைரியமாகப் பணம் கொடுக்கலாம். இழப்பீடு வாங்கித் தருகிறோம், வந்ததில் இத்தனை சதவீதம் வேண்டும் என்று பேசுகிறவர் புரோக்கர். சங்கக் கொடி கட்டியிருந்தாலும் அவர் புரோக்கர்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

போராட்டத்துக்குப் போவதற்கும் ஒரு விலை உண்டு. அனுமதி இல்லாத மறியலில் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள், அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சட்டவிரோதக் கூட்டத்துக்கு 189-ஆம் பிரிவும், வழிமறிப்புக்கு 126-ஆம் பிரிவும், அதிகாரியின் உத்தரவை மீறியதற்கு 223-ஆம் பிரிவும் இருக்கின்றன. முதல் தகவல் அறிக்கையில் பேர் ஏறினால் பையன் வெளிநாடு போகவோ அரசு வேலைக்குச் சேரவோ விசாரணையில் அது எட்டிப் பார்க்கும். 2021-ல் தமிழ்நாடு அரசு வேளாண் சட்ட எதிர்ப்பு உள்ளிட்ட போராட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது உண்மைதான்; ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். அதனால் அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களை முன்வரிசையில் நிறுத்தாத சங்கம் பொறுப்புள்ள சங்கம். கைதானவர்களுக்கு யார் ஜாமீன், எந்த வக்கீல் என்று புறப்படுமுன்பே முடிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்; கோபப்பட்டால் அன்றைக்குப் போக வேண்டாம்.

ஆலைக்குக் கரும்பு போடுகிறவர், நெடுஞ்சாலை வரும் பாதையில் நிலம் உள்ளவர், பிளவக்கல் அணைத் தண்ணீரையோ கண்மாய் மடையையோ நம்பிப் பயிர் வைப்பவர், அடிவாரத் தோப்புக்காரர், இவர்கள் இந்தப் பருவமே சேர்ந்துவிடலாம். கூடவே வீட்டுக்கு ஒரு கோப்பு போட்டு பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் கூட்டு மனு எழுதும் அன்று பாதிப் பேரின் பெயர் விட்டுப்போவது இந்தக் காகிதம் இல்லாததால்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, பக்கத்துக் காட்டு வரப்பு, பாதைத் தகராறு மட்டுமே உள்ளவருக்குச் சந்தா அவசரம் இல்லை. அதற்கு சர்வேயரைக் கூப்பிட்டு அளக்க மனுப் போடுங்கள், தீராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தகராறின் எதிராளியும் அதே சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம். அப்போது சங்கத்தை நடுவில் இழுத்தால் கிளையே இரண்டாகும்.